அறுபத்தோரு டன் கம்ப்யூட்டர்

எடை போடாத எதையும் எங்கள் ஊர் நம்புவதில்லை. சங்ககிரியில் ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் ஆணா பெண்ணா என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை கிலோ என்று கேட்பார்கள். மாப்பிள்ளையின் படிப்பைச் சொன்னால் கொட்டாவி விடுகிறவர்கள், அவர் ஓட்டும் வண்டி எத்தனை டன் இழுக்கும் என்று சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள். திரும்பிய பக்கமெல்லாம் லாரி நிற்கும் ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் வேடிக்கையாகத் தெரியாது. அதனால்தான் பைபாஸ் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் அறுபத்தோரு டன் எடை ஏறிவிட்டது என்ற செய்தி வந்த காலையில், அது எப்படி முடியும் என்று ஒருவரும் கேட்கவில்லை, எந்த எடை மேடையில் போட்டுப் பார்த்தது என்றுதான் கேட்டார்கள். பொங்கியண்ணன் மேடையில் என்று பதில் வந்ததும், எடைச் சீட்டு யார் அடித்தது என்று கேட்டார்கள். சுகந்தி என்றதும், அப்படியானால் சரியாகத்தான் இருக்கும் என்று டீயைக் குடித்து முடித்துவிட்டுப் பார்க்கக் கிளம்பினார்கள்.

சுகந்தியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையை நகர்த்த முடியாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு வேறொரு எடை மேடையில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், ஒரு ஜல்லி வண்டிக்கு மூன்று டன் குறைத்துச் சீட்டு அடித்துக் கொடு என்று அந்த மேடைக்காரர் சொன்னபோது, மறுபேச்சுப் பேசாமல் எழுந்து, சோற்றுப் போசியை எடுத்துக்கொண்டு, பைபாஸ் வெயிலில் நடையைக் கட்டியவள் அவள். வழியில் தண்ணீர் கேட்டு நின்ற இடம்தான் பொங்கியண்ணன் மேடை. தண்ணீர் கொடுத்தவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, அந்தக் காலி நாற்காலியில உக்காரு அம்மிணி என்றார். உட்கார்ந்தவள் பன்னிரண்டு வருடமாக அதில்தான் உட்கார்ந்திருக்கிறாள், அவள் அடித்த சீட்டுக்கு ஒரு ஆலையும் மறு எடை கேட்டதில்லை. எங்கள் ஊரில் கோயில் கட்டியவர்கள் உண்டு, பள்ளிக்கூடம் கட்டியவர்கள் உண்டு, ஆனால் வெளியூர்க்காரனிடம் பெருமை பேச வேண்டி வந்தால் நாங்கள் சுகந்தியின் சீட்டைத்தான் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டுவோம்.

லாரி ஓட்டுவது என்பது பாதி நாள் ஓட்டுவது, மீதி நாள் லோடுக்குக் காத்திருப்பது. காத்திருக்கும் நேரத்தில் எங்கள் டிரைவர்கள் போனில் 'ஒன்பது கோட்டை' விளையாடினார்கள். ஏதோ ஒரு தூர தேசத்துக் கம்பெனி செய்த விளையாட்டு அது. மலையேறி, பாலைவனம் கடந்து, ஒவ்வொரு கோட்டையாகப் பிடித்துக்கொண்டு போக வேண்டும், வழியில் கிடைக்கும் பொருள்களை முதுகுச் சாக்கில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எடை உண்டு, சாக்குக்கு ஒரு வரம்பு உண்டு, வரம்பை மீறினால் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. ஓவர்லோடு என்றால் என்னவென்று தெரிந்த கம்பெனிக்காரன் என்று எங்கள் ஆட்கள் அவனை மெச்சிக்கொண்டார்கள். முப்பது வருடமாக வண்டி ஓட்டும் குப்பண்ணன் நான்கு வருடம் விளையாடி அதில் ஒரு தாமிரக் கெண்டி சம்பாதித்திருந்தார். அதில் தண்ணீர் குடித்தால் கொஞ்சம் களைப்பு தீரும், அதற்கு மேல் அந்தக் கெண்டிக்கு ஒரு சாமர்த்தியமும் கிடையாது. அதைச் சாக்கில் வைக்க இடம் வேண்டும் என்று மூன்று வாள்களைப் பாலைவனத்திலேயே போட்டுவிட்டு வந்தவர் அவர்.

அந்தக் கம்பெனி ஒரு நாள், ஆடி மாதக் கடைசியோடு விளையாட்டை மூடிவிடுகிறோம், சர்வரை நிறுத்திவிடுகிறோம் என்று அறிவித்தது. குப்பண்ணன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நேராக சுகந்தியின் அறைக்கு வந்தார்.

"அம்மிணி, கடையைச் சாத்தறது அவன் இஷ்டம். ஆனா என்ற கெண்டி எங்க போகும்?"

"எங்கயும் போகாதுங்கண்ணா. சர்வரோட சேந்து அழிஞ்சுரும்."

"அழியறதுக்கு முன்னால எடுத்து வெக்க முடியாதா?"

"பாக்கறனுங்க" என்றாள் சுகந்தி. பார்க்கிறேன் என்று அவள் சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒருவருடைய கெண்டியை மட்டும் எடுத்து வைத்தால் மற்றவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்று யோசித்து, அந்த விளையாட்டில் இருக்கும் நாற்பத்தோராயிரத்து இருநூற்றுப் பதினாறு பொருளையும் இறக்கி வைத்துவிடுவது என்று அவள் முடிவு செய்தாள்.

கம்பெனியின் சர்வரில் அதற்கு ஒரு ஜன்னல் இருந்தது. பொருளின் எண்ணை அந்த ஜன்னலில் சொன்னால், பெயர், படம், பயன், எடை என்று பதில் வரும். கம்ப்யூட்டர்காரர்கள் அதை ஏ.பி.ஐ. என்பார்கள். நொடிக்கு ஒரு பொருள்தான் கேட்கலாம், அவசரப்பட்டு இரண்டாவதைக் கேட்டால் ஜன்னல் ஒரு மணி நேரத்துக்குச் சாத்திக்கொள்ளும். உலகமெங்கும் இருந்த விளையாட்டுப் பைத்தியங்கள் நூறு நூறாகக் கேட்டு மூஞ்சியில் கதவடி வாங்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் சுகந்திக்கு அந்தக் கஷ்டமே வரவில்லை, ஏனென்றால் ஒரு வண்டி மேடையை விட்டு இறங்கிய பிறகுதான் அடுத்த வண்டியை ஏற்ற வேண்டும் என்பதைத் தவிர வேறு முறை அவளுக்குத் தெரியாது. மேடைக்கென்று வைத்திருந்த பழைய மென்பொருளையே அவள் திருத்திக்கொண்டாள்: வண்டி எண் இருந்த கட்டத்தில் பொருள் எண், சரக்கு இருந்த கட்டத்தில் பெயர், எடை இருந்த கட்டத்தில் எடை. ஒரு தடவை கேட்டு வாங்கியதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், மறுபடி ஜன்னலுக்குப் போய்த் தொந்தரவு செய்யாது. கரண்டு போனாலும், நெட் போனாலும், விட்ட இடத்திலிருந்து அடுத்ததைக் கேட்கும்.

அங்கேதான் அவள் ஒரு தப்புச் செய்தாள். கம்பெனிக்காரன் எடையை வெறும் எண்ணாகத்தான் கொடுத்தான், கெண்டி 1.8, நங்கூரம் 140, அவ்வளவுதான், கிலோவா கிராமா என்று ஒரு வார்த்தை இல்லை. பக்கத்தில் அலகு போடாமல் எடை மேடை மென்பொருள் எதையும் சேமிக்காது, பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் சுகந்தியின் விரல் கிலோ என்று அடித்துவிட்டது. வேறு ஊர்க்காரன் யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். வேறு ஊர்க்காரன் எடையையே எடுத்திருக்க மாட்டான்.

லாரிகளுக்கு நடுவே கிடைத்த நேரத்தில் ஐந்து பகல் அந்த வேலை நடந்தது. முதல் பகல் முடியும்போது மேஜை முனகியது, சுகந்தி கம்ப்யூட்டரை மேஜையிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். இரண்டாம் பகல் தரையில் டைல்ஸ் விரிசல் விட்டது, அவள் அதை நகர்த்தப் பார்த்தாள், அது நகரவில்லை. மூன்றாம் பகல் லோடுமேன்கள் எட்டுப் பேர் வந்து தோள் கொடுத்தார்கள், எட்டுப் பேரும் வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு தலையைச் சொறிந்தார்கள். நான்காம் பகல் அது நான்கு விரற்கடை தரைக்குள் இறங்கியிருந்தது, அதற்குள்ளிருந்து விசிறி ஓடும் சத்தம் மட்டும் எப்போதும்போல் வந்துகொண்டிருந்தது. ஐந்தாம் பகல் கடைசிப் பொருளும் வந்து சேர்ந்தது, அது ஒரு ஊசி, அதற்கும் எடை இருந்தது. மறுநாள் காலையில் காற்றாலைக் கம்பங்களைத் தூக்கும் கிரேனை வரவழைத்து, கூரைத் தகரத்தைக் கழற்றி, பிள்ளையைத் தூக்குகிற பதனத்தோடு அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி மேடையில் வைத்தார்கள். சிவப்பு எழுத்தில் 61,340 என்று காட்டியது. சுகந்தி பொருள்களின் எடையைக் கூட்டிப் பார்த்திருந்தாள், பெட்டியின் எடையையும் சேர்த்தால் அதே எண்தான் வந்தது. அவள் சீட்டு அடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

அதன் பிறகு ஊர் அதை எப்படிப் பார்த்துக்கொண்டது என்பதைத்தான் நான் பெருமையாகச் சொல்வேன். பார்க்க வந்தவர்கள் ஒரு விரலை மேடையில் வைத்துப் பார்த்துவிட்டு, நல்ல கனம் என்று சொன்னார்கள். டயர் கடைக்காரர்கள் சுற்றிலும் பழைய டயர்களை அடுக்கிக் கட்டை கொடுத்தார்கள், பாடி கட்டும் பட்டறைக்காரர்கள் மழை படாமல் தகரத்தில் ஒரு கூரை போட்டு, லாரி நெற்றியில் எழுதுகிற மாதிரியே அதற்கும் மஞ்சளும் சிவப்புமாகப் பூ வரைந்து, முன்னால் ஒரு எலுமிச்சம் பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டார்கள். தங்கள் பொருள் உள்ளே பத்திரமாக இருக்கிறதா என்று கேட்க டிரைவர்கள் வரிசையில் நின்றார்கள், சுகந்தி ஒவ்வொருவருக்கும் பார்த்துச் சொன்னாள். கெண்டி இருக்கிறது, ஒன்றே முக்கால் கிலோவுக்கு மேலேயே இருக்கிறது என்று கேட்டபோது குப்பண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த ஆளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆடி முடிந்தது, கம்பெனிக்காரன் சொன்னபடியே ஜன்னலைச் சாத்தினான். மூன்றாம் நாள் பெரு நாட்டிலிருந்து லூசியா என்ற பெண், எங்கள் டிரைவர்களோடு ஒரே படையில் விளையாடியவள், சுகந்திக்கு எழுதினாள். அவளும், அவளைப் போலவே பல தேசங்களில் பலரும், கஷ்டப்பட்டு அந்தப் பொருள்களை இறக்கி வைத்திருந்தார்கள், பெயரும் படமும் போதும், எடை எதற்கு என்று அந்த வரியை மட்டும் விட்டுவிட்டிருந்தார்கள். அவளுடையது செவ்வாய்க்கிழமை போய்விட்டது. வீட்டு ஜன்னல் திறந்திருந்தது, காற்றடித்தது, ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வெளியே போய்விட்டன, மற்றவர்களுக்கும் அப்படியேதான், உங்களுடையதாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தாள். இருக்கிறது, காற்றுக்கு அசையாது என்று சுகந்தி பதில் போட்டாள். ஒன்பது கோட்டைகளின் சகலமும் உலகத்தில் வேறெங்கும் இல்லாமல் எங்கள் பைபாஸ் ரோட்டு மேடையில் மட்டும் இருந்தது என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இப்போதுதான் சங்கடம் வந்தது. மேடை எண்பது டன் தாங்கும், ஆனால் வந்து நின்று போகிற எண்பது டன்னைத்தான் தாங்கும். இறங்காமல் உட்கார்ந்துவிட்ட அறுபத்தோரு டன்னில் மேடை ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. லாரிகள் வேறு மேடை தேடிப் போயின. அதைவிட, பன்னிரண்டு நாளில் முத்திரை நாள். வருடத்துக்கு ஒரு தடவை அதிகாரிகள் வந்து காலி மேடை பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்து முத்திரை வைக்க வேண்டும், முத்திரை விழாவிட்டால் மேடையை மூட வேண்டும், அதை நம்பி எட்டுக் குடும்பம் இருந்தது. மேடையைப் பழுது பார்க்கும் ஆல்பர்ட், கோயம்புத்தூர்க்காரர், கெட்டிக்காரர், வந்து கீழே படுத்துப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"மேடம், இதுக்கு ஏன் இவ்ளோ கவலை? கிலோன்னு இருக்கறதை கிராம்னு மாத்துங்க. ஒரே வார்த்தை. அறுபத்தோரு டன், அறுபத்தோரு கிலோ ஆயிடும். நானே தூக்கி மேஜையில வெச்சிட்டுப் போறேன்."

பொங்கியண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஆமா சுகந்தி. கம்பெனிக்காரன் கிலோன்னு சொல்லலியே. நீதான போட்ட, நீயே மாத்து."

சுகந்திக்கு மாற்ற ஆசை இல்லாமல் இல்லை. எட்டுக் குடும்பத்தில் அவளுடையதும் ஒன்று, தண்ணீர் கொடுத்து நாற்காலி கொடுத்த மனிதர் எதிரில் நின்று கேட்கிறார்.

"நாந்தானுங்க போட்டேன். போட்டது தப்பாக்கூட இருக்கலாம்" என்றாள். "ஆனா போட்டதுக்கப்புறம் மேடை அதைத்தானுங்களே காட்டுது. மேடை காட்டற எடைய, நமக்குக் கஷ்டமா இருக்குதுன்னு குறைச்சு எழுதச் சொல்றீங்க. அன்னைக்கு மூணு டன்ன மாத்தச் சொன்னாங்கன்னுதான் உங்ககிட்ட வந்தேன். இன்னைக்கு நீங்க அறுபது டன்ன மாத்தச் சொன்னா, நான் எந்த மேடைக்குங்க போறது?"

பொங்கியண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். கோபம் வந்தது போலவும் இருந்தது, வெட்கம் வந்தது போலவும் இருந்தது. "மாத்த மாட்ட, அழிக்கவும் மாட்ட. பின்ன என்னதான் பண்றதுன்னு நீயே சொல்லு" என்றார்.

சுற்றி முப்பது நாற்பது பேர் நின்றிருந்தோம். அப்போது டீ கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்த குப்பண்ணன், என்ன பேச்சு என்று கேட்டுவிட்டு, "ஏனுங்க, அறுபத்தோரு டன்ன எவனாவது ஒரே வண்டியில ஏத்துவானா?" என்றார். "பார்ட் லோடு போடுங்க. ஆளுக்குக் கொஞ்சமாப் பிரிச்சு ஏத்துனா பாரம் உண்டுன்னே வண்டிக்குத் தெரியாது."

லாரி ஊரில் பிறந்துவிட்டு இது நமக்குத் தோன்றவில்லையே என்று அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சுகந்தி அப்போதே முறையைச் சொன்னாள். காப்பி எடுக்கக் கூடாது, காப்பியும் கனக்கும். இங்கே இறக்கித்தான் அங்கே ஏற்ற வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மெமரி கார்டு, கார்டில் ஏற்றி, சரிபார்த்து, சீட்டு அடித்த பிறகுதான் இங்கிருந்து அழிக்க வேண்டும். எந்தப் பொருள் எந்த வண்டியில் என்று பட்டியல் இங்கே இருக்கும். வண்டிக்குப் பத்துக் கிலோ, அதற்குக் குறைய முடியாது.

"அஞ்சஞ்சு கிலோவாக் குடுத்தா இன்னும் நெறையப் பேரு வருவாங்களே" என்றார் ஆல்பர்ட்.

"லாரி மேடைக்குப் பத்துக் கிலோதானுங்களே சார் ஆகச் சின்னப் படி. அஞ்சு கிலோவ எந்த மேடையும் காட்டாது. எங்க ஏறுனாலும் இது இருக்குதுன்னு தெரியோணும்."

மறுநாள் விடிந்ததும் வண்டிகள் வரத் தொடங்கின. சங்ககிரி வண்டிகள் வந்தன, ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வந்தன, நாமக்கல் டேங்கர்களும் முட்டை வண்டிகளும் வந்தன, பெருந்துறையிலிருந்து டிரெய்லர்கள் வந்தன, வரிசை பைபாஸைத் தாண்டி ஏரிக்கரை வரைக்கும் நின்றது. பழைய பாட்டுகள் நிரம்பியிருந்த கார்டுகளைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு வண்டிக்குப் பனிமலைக் கோடரியும் அகல் விளக்கும், ஒரு வண்டிக்குக் கேடயமும் சீப்பும் நெல்லரிவாளும், ஒரு வண்டிக்கு எழுபது மூலிகைக் கட்டுகள், ஒரு வண்டிக்கு ஆயிரம் ஊசிகளும் ஒரு தேன் குடுவையும், எல்லாம் பத்துப் பத்தாகக் கூட்டிச் சேர்த்து வைத்திருந்தாள் சுகந்தி. நூற்று நாற்பது கிலோ நங்கூரத்தைப் பிரிக்க முடியாது என்பதால் ஒரு ரிக் வண்டிக்காரர் அதை முழுசாக ஏற்றிக்கொண்டு, எங்க வண்டிக்கு இது சுண்டைக்காய் என்று மீசையைத் தடவினார். விரல் நகம் அளவு கார்டை இரண்டு கையால் ஏந்திக்கொண்டு போய், டூல் பாக்ஸில் ஜாக்கிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார்கள். ஒவ்வொரு வண்டி நகரும்போதும் மேடையின் சிவப்பு எழுத்து பத்துப் பத்தாக இறங்கியது, வரிசையில் நின்றவர்கள் அதைச் சத்தமாகப் படித்தார்கள். பகலெல்லாம் அந்தச் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடம் போகும் வழியில் பிள்ளைகளும் சேர்ந்து படித்தார்கள். ஒன்பது நாள் அப்படி நடந்தது. ஆல்பர்ட் ஊருக்குப் போகாமல் அங்கேயே தங்கி, மேடை சாயச் சாயக் கட்டை மாற்றிக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் நாள் குப்பண்ணன் வண்டிதான் கடைசி. மற்றவர்கள் முதலில் எடுக்கட்டும் என்று எட்டு நாளும் வழிவிட்டு நின்றிருந்தார். அவர் கார்டு ஏறியதும் சுகந்தி வெறும் பெட்டியை ஒரு கையால் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள். சிவப்பு எழுத்து பூஜ்யத்தில் நின்றது. முத்திரை நாளில் சோதனை எடைக்கற்களை ஏற்றிப் பார்த்தார்கள், ஒரு படிகூடக் கூடவில்லை, ஒரு படிகூடக் குறையவில்லை. பொங்கியண்ணன் தேங்காய் உடைத்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, என்னவோ நானே தூக்கிச் சுமந்த மாதிரி.

இப்போது உலகத்தில் யாருக்கு ஒன்பது கோட்டைப் பொருள் ஒன்றைப் பற்றித் தெரிய வேண்டுமானாலும் சுகந்தியைத்தான் கேட்க வேண்டும். லூசியா கேட்பாள், அவளைப் போல நூறு பேர் கேட்பார்கள். சுகந்தி பட்டியலைப் பார்த்து, அந்தப் பொருள் போய்க்கொண்டிருக்கும் வண்டிக்குப் போன் போடுவாள், டிரைவர் ஓரங்கட்டி நிறுத்தி கார்டைப் பார்த்துப் பதில் சொல்வார். ஒரு பொருளுக்குப் பதில் போன பிறகுதான் அடுத்ததைக் கேட்க வேண்டும் என்பது மட்டும்தான் விதி.

போன மாதம் ஆல்பர்ட் எங்கள் மேடைக்கு வந்திருந்தபோது ஒன்று சொன்னார். நாக்பூரைத் தாண்டி ஒரு மேடையில் கோளாறு என்று அவருடைய கம்பெனி அனுப்பியிருக்கிறது. அந்த வாரம் ஏறிய ஐந்து லாரிகள், ஆர்.சி. புக்கில் உள்ள காலி எடையைவிடச் சரியாகப் பத்துக் கிலோ கூடக் காட்டுகின்றன, எங்கே பிசகு என்று தெரியவில்லை என்று அந்த மேடைக்காரர் புலம்பியிருக்கிறார். ஆல்பர்ட் யோசனையே இல்லாமல் மேடைக்குக் கீழே படுத்து ஸ்பேனரை வைத்திருக்கிறார். மேலே நின்ற ஆறாவது வண்டியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்திருக்கிறது.

"ஆல்பர்ட் சாருங்களா? ஸ்பேனர எடுங்க. மேடை நல்லாத்தான் இருக்குது."

குப்பண்ணன் இறங்கி வந்து டூல் பாக்ஸைத் திறந்து, மடித்து வைத்திருந்த சீட்டைக் கொடுத்திருக்கிறார். தாமிரக் கெண்டி 1.8, சுத்தியல் 6, அரிவாள் 1.2, விளக்கு 1, மொத்தம் பத்துக் கிலோ, கீழே சுகந்தியின் கையெழுத்து. ஆல்பர்ட் பத்தைக் கழித்துப் பார்த்தார், ஆர்.சி. புக்கோடு அப்படியே பொருந்தியது. மேடைக்காரர் அந்தச் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவ்வளவு சரியாக எடை எழுதியது யார் என்று இந்தியில் கேட்டிருக்கிறார்.

"எங்கூருப் புள்ளைன்னு சொல்லுங்க" என்றாராம் குப்பண்ணன்.

ஆல்பர்ட் அதை மேடைக்காரருக்கு இந்தியில் சொல்லிவிட்டு, அன்று கிலோவை கிராமாக்கச் சொன்னவர்தான், அந்த கார்டை எடுத்துப் பார்க்கப் போனாராம். ஒரு கையால் முடியவில்லையாம். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துவிட்டு, ஜாக்கிக்குப் பக்கத்தில் பத்திரமாகத் திரும்ப வைத்தாராம்.